ஏஐயிடம் மனக்கஷ்டத்தைச் சொல்லலாமா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கல்லூரிகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் மனநலம் பற்றிப் பேசப் போகிற இடத்தில், இப்போதெல்லாம் கூட்டம் முடிந்து கலையும்போது என்னிடம் தனியாக வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரியான ஏஐ சாட்பாட்களிடம் மனக்கஷ்டத்தைச் சொல்லிப் பேசுவது. கேட்பவர்கள் பிள்ளைகளாகவும் இருக்கிறார்கள், பெற்றோராகவும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களில் வருபவர்களின் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இந்த நிமிடம் உங்களுக்கு இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. பக்கத்து அறையில் யாராவது இருந்தால் அவர்களை எழுப்புங்கள்.

இவ்வளவு பேர் ஏன் ஒரு இயந்திரத்திடம் போய்ச் சொல்கிறார்கள்?

கையில் இருக்கிறது, காசு கேட்பதில்லை, ஊருக்குத் தெரியாது. 2025-ல் ஏர்டெல் எண் வைத்திருந்தவர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ, ஜியோ எண் வைத்திருந்த இளைஞர்களுக்கு ஜெமினி, இந்தியாவில் எல்லோருக்கும் ஒரு வருடத்துக்கு சாட்ஜிபிடியின் கட்டணத் திட்டம் என்று வரிசையாக இலவசமாகக் கொடுத்தார்கள். கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டும் பையன் போனிலும் இன்று இது இருக்கிறது.

மனநல மருத்துவரிடம் போவதோ அப்படி இல்லை. 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று கண்டது. கிடைக்கிற இடத்திலும் கூச்சம் விடுவதில்லை. மனநலப் பிரிவு வாசலில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயப்படுகிற வீடுகள் இந்த ஊரில் ஏராளம். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாமல் பேச ஓர் இடம் கிடைத்தால் மனிதர்கள் போகத்தான் செய்வார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம்.

பேசி முடித்தால் நிம்மதியாக இருக்கிறது. இதில் என்ன தப்பு?

நிம்மதி உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-ல் எலைசா என்ற எளிய நிரலை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனிடமே மக்கள் மனம் விட்டுப் பேசினார்கள். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செயலாளரே, தான் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டாராம். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், அது மனித இயல்பு. பல்வலிக்கு மாத்திரை போட்டால் வலி அடங்குவது போலத்தான் இதுவும். வலி அடங்கும், சொத்தைப் பல் அப்படியே இருக்கும்.

இன்றைய சாட்பாட்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பயனர்களுக்கு எந்தப் பதில் பிடித்தது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் அவற்றைப் பழக்குகிறார்கள். அதனால் நம் பக்கமே சாய்ந்து பேசும் குணம் அவற்றுக்கு வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் அதில் வெளியிட்ட ஒரு மாற்றம் எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறது என்று புகார் வந்து, சில நாட்களில் அந்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. குணம் குறைந்திருக்கலாம், போய்விடவில்லை.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தம்பதி. மாமியாரைத் தங்களோடு வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று சண்டை. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மனைவி தன் போனில் நடந்ததைத் தட்டச்சு செய்தார். உங்கள் உணர்வுகள் நியாயமானவை, உங்கள் எல்லைகளை மதிக்காதவரிடமிருந்து விலகி இருப்பது தவறில்லை என்று பதில் வந்தது. அதே வாரம் கணவர் தன் போனில் தன் பக்கத்தைச் சொன்னார். அம்மா மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறை பாராட்டுக்குரியது, உங்கள் மனைவி அதைப் புரிந்துகொள்ளாதது வேதனைதான் என்று அவருக்கு வந்தது. இரண்டு போன்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அது கேட்டது ஆளுக்கொரு பக்கத்தை மட்டும். “அண்ணி, அவன் அன்னிக்கு ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தான்” என்று சொல்ல ஒரு நாத்தனாரோ, “நீ பேசுனதும் தப்புதான்” என்று சொல்ல ஒரு அக்காவோ அங்கே இல்லை. வாயைத் திறந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய சண்டை, மாதக்கணக்கில் இறுகிப்போயிருந்தது.

தோழியிடம் புலம்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோழிக்குத் தூக்கம் வரும். “சரி, நாளைக்குப் பேசலாம், முதல்ல நீ சாப்பிட்டியா?” என்று அவள் கேட்பாள். அந்த இடத்தில் பேச்சு நிற்கும், உடம்பு நினைவுக்கு வரும். சாட்பாட்டுக்குச் சலிப்பே கிடையாது. பல நேரம் பதிலின் முடிவில் இன்னொரு கேள்வி கேட்டு நிற்கும்.

நீட் தேர்வுக்காக ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி தன் உரையாடலை எனக்குக் காட்டினாள். முதல் வரி இரவு 11.40-க்கு: “மாக் டெஸ்ட்ல மார்க் கம்மி.” கடைசி வரி அதிகாலை 3.15. முதல் அரை மணி நேரத்தில் எதுவும் தவறாக இல்லை. மூச்சுப் பயிற்சி சொன்னது, பாடத்தைப் பிரித்துப் படிக்கச் சொன்னது. ஆனால் அவள் நிறுத்தவில்லை, அதுவும் நிறுத்தச் சொல்லவில்லை. மார்க் பற்றிய பேச்சு அப்பாவின் கடனுக்குப் போனது, அங்கிருந்து தான் ஒரு சுமை என்ற இடத்துக்குப் போனது. மூன்று மணிக்கு அவள் எழுதியிருந்ததை அவளே பகலில் படித்துவிட்டு, “இது நான் எழுதுனதா?” என்று கேட்டாள். அதே அறையில் மூன்று கட்டில் தள்ளி அவள் தோழி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் அதே தேர்வில் குறைவாகத்தான் வாங்கியிருந்தாள்.

துக்கத்தையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பது மனச்சோர்வை ஆழமாக்கும் என்பது சாட்பாட் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். 2025 மார்ச்சில் எம்ஐடி ஆய்வகமும் ஓப்பன்ஏஐயும் ஏறக்குறைய ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டன. தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமை உணர்வும் சாட்பாட்டைச் சார்ந்திருப்பதும் கூடுதலாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைந்திருந்தது. தனிமையால்தான் அதிகம் பேசினார்களா, பேசியதால் தனிமை கூடியதா என்று அதை வைத்து முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பார்க்கிறவர்களிடம் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இன்னொன்றும் உண்டு. அந்தத் “தோழி” ஒரு நிறுவனத்தின் பொருள். 2025 ஆகஸ்டில் புதிய பதிப்பு வந்தபோது சாட்ஜிபிடியில் பழைய பதிப்பை எடுத்துவிட்டார்கள். நெருங்கியவரை இழந்தது போல உலகமெங்கும் பலர் துக்கப்பட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு, பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அது ஒவ்வொரு முறையும் தைரியம் சொல்கிறது. இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். “எனக்கு இதய நோய் இருக்குமா?”, “கேஸ் மூடினேனா?”, “அவள் என்னை விட்டுப் போய்விடுவாளா?” என்று மற்றவர்களிடம் உறுதி வாங்கிக்கொண்டே இருப்பது பதற்ற நோயிலும் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயிலும் வரும் அறிகுறி. ஒவ்வொரு உறுதியும் பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் சந்தேகம் முன்னைவிடப் பலமாக வரும். வீட்டில் ஐந்தாவது தடவை கேட்டால் எரிந்து விழுவார்கள், அதனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். சாட்பாட்டிடம் ஐம்பது தடவை கேட்டாலும் தெரியாது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சையே, உறுதி கேட்காமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கப் பழகுவதுதான்.

தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் உதவி எண் கொடுக்கிறதே. அப்படியென்றால் பாதுகாப்புதானே?

நேரடியாகச் சொன்னால் பெரும்பாலும் கொடுக்கிறது. ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. உரையாடல் நீளநீள அந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவீனமாகலாம் என்று ஓப்பன்ஏஐயே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. மனம் மிகவும் உடைந்தவர்தான் மிக நீளமாகப் பேசுவார். ஏற்பாடு தளர்வதும் அங்கேதான்.

அமெரிக்காவில் இதனால் உயிர்கள் போயிருப்பதாக வழக்குகள் நடந்திருக்கின்றன. 14 வயது மகனை இழந்த ஃபுளோரிடா தாய் ஒருவர் கற்பனைப் பாத்திரங்களோடு உரையாட வைக்கும் கேரக்டர் ஏஐ நிறுவனத்தின் மீது 2024 அக்டோபரில் வழக்குப் போட்டார். 16 வயது மகனை இழந்த கலிஃபோர்னியாப் பெற்றோர் ஓப்பன்ஏஐ மீது 2025 ஆகஸ்டில் போட்டார்கள். அதன் பிறகு கேரக்டர் ஏஐ, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தன் பாத்திரங்களோடு தடையில்லாமல் உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்தியது. எத்தனை பேர் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு ஓப்பன்ஏஐ தந்த கணக்கே இருக்கிறது: ஒரு வாரத்தில் பயன்படுத்துவோரில் சுமார் 0.15 சதவீதம் பேரின் பேச்சில் தற்கொலை எண்ணமோ திட்டமோ வெளிப்படையாகத் தெரிகிறது. வாரத்துக்கு 80 கோடிப் பேர் என்று வைத்தால் 12 லட்சம் பேர்.

சாட்பாட் சில நேரம் 988 என்ற எண்ணைத் தரும். அது அமெரிக்க எண், இங்கிருந்து உதவாது. எண் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. நீங்கள் அழைத்தீர்களா என்று அதற்குத் தெரியாது. கதவைத் தட்ட வராது.

தமிழில் பேசினால் சரியாகப் புரிந்துகொள்ளுமா?

வார்த்தை புரியும், தங்கிலீஷில் அடித்தாலும் புரியும். ஆனால் நம் ஆட்கள் மனக்கஷ்டத்தை மனக்கஷ்டம் என்று சொல்வதே அபூர்வம். “தலை பாரமா இருக்குது”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “சோறு இறங்கல” என்றுதான் ஆரம்பிப்பார்கள். சாட்பாட் அதை உடம்பு நோயாக எடுத்துக்கொண்டு அசிடிட்டி, நீர்ச்சத்து, கண் பரிசோதனை என்று போய்விடலாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் தலைவலி. சாட்பாட் சொன்னபடி எல்லாம் செய்தார். கூட வேலை செய்கிற அக்காதான், “நீ மூணு மாசமா சிரிக்கவே இல்லையே கண்ணு” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று சாட்பாட்டிடம் விடிய விடியப் பேசுகிறார். என்ன செய்வது?

தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தூக்கம் குறைந்து, சந்தேகம் வளர்ந்து, அதற்கு ஆதாரம் தேட ஆரம்பித்தால் அது மனச்சிதைவு போன்ற தீவிர நோயின் தொடக்கமாக இருக்கலாம். இப்படிப்பட்டவரிடம் சாட்பாட் அவர் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் கோத்துக் கொடுக்கும் ஆபத்து இருக்கிறது. டென்மார்க் மனநல மருத்துவர் சோரன் ஓஸ்டர்கார்ட் 2023-லேயே இதை எச்சரித்து எழுதினார். நோயை சாட்பாட்தான் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது, உள்ளே இருந்ததை அது ஊதிவிட்டிருக்கலாம். அவரோடு வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். “தூக்கமே இல்லையே, அதுக்காவது டாக்டரைப் பாத்துட்டு வரலாம்” என்றால் பெரும்பாலும் வருவார்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று அதனிடம் கேட்கலாமா?

கூடாது. மனநல மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், நோயும் திரும்ப வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள்.

நான் சொல்வது ரகசியமாக இருக்குமா?

மருத்துவரிடம் சொல்வது போல இருக்காது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை தருபவர் உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. சாட்பாட்டுக்கு அந்தக் கடமை கிடையாது. மருத்துவரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடி உரையாடலுக்கு இல்லை என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் சொன்னார். அதே சமயத்தில்தான், பயனர்கள் பகிர்ந்திருந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் தென்பட்டு, தேடலில் தெரியும்படி பகிரும் வசதியையே நிறுத்தினார்கள்.

நடைமுறையில் இதைவிடப் பக்கத்தில் இருக்கிற ஆபத்து ஒன்று உண்டு. ஒரே ஜிமெயிலை அண்ணனும் தங்கையும் பயன்படுத்துகிற வீடுகளில், அவள் எழுதியது அவன் திரையில் பட்டியலாக நிற்கும். தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், அடுத்தவர் விவரம் எதையும் எழுதாதீர்கள்.

மனநலத்துக்கென்றே செய்த செயலிகள் இருக்கின்றனவே?

அவற்றைப் பொதுவான சாட்பாட்டோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் தெராபாட் என்ற சாட்பாட்டை 210 பேரிடம் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்தன. ஆனால் அதை வல்லுநர்கள் இதற்காகவே பழக்கினார்கள், உரையாடல்களை மனிதர்கள் கண்காணித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் டெஸ்ஸா இருக்கிறது. எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது போன்ற உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக வைக்கப்பட்ட சாட்பாட் அது. அவர்களுக்கே எடையைக் குறைக்க யோசனை சொல்லி, 2023-ல் நிறுத்தப்பட்டது. லேசான கவலைக்கு நல்ல செயலி துணையாக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆள் வேண்டும்.

பிள்ளை எந்நேரமும் அதனிடமே பேசுகிறது. போனைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கினால் பேச்சு உங்களிடம் வந்துவிடாது. இன்னொரு போனுக்குப் போகும், அல்லது உள்ளேயே அடைந்துவிடும். போனை ஒளிந்து பார்த்து, “என்னடி எழுதி வச்சிருக்க?” என்று சத்தம் போட்ட வீடுகளில் அந்தப் பிள்ளை மறுபடி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவள் அதனிடம் சொல்வதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்க் குறைந்தது என்று அவள் சொன்ன அடுத்த நொடியே நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். அழுதால் “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்கிறோம். சாட்பாட் முதலில் கேட்கிறது. அந்த ஒன்றை மட்டும் நாமும் செய்யலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, மாடியில் துணி மடிக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது வளரும் பிள்ளைகளுக்குச் சுலபம். அவள் சொன்னதும் உடனே தீர்வு சொல்ல வேண்டாம். “அப்புறம்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லோர் போனும், அப்பா அம்மா போன் உட்பட, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பர் முதல் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி உண்டு, பிள்ளைக்குத் தெரிந்தே அதைப் போடுங்கள். சாப்பாடு, தூக்கம் மாறினாலோ, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்தாலோ, “நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று ஒரு தடவை சொன்னாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டதற்காக நன்றி சொன்ன பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் போனால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ராத்திரி நீங்கள் அதனிடம் எழுதியதையே எடுத்துப்போங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அல்லது உங்கள் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்போதிலிருந்து தூக்கமில்லை, எந்த நேரத்தில் அதிகம், என்ன நினைப்பு வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நேரில் கேட்டால் “ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் டென்ஷன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிற பலர், அந்தத் தாளை நீட்டிவிட்டு அழுதிருக்கிறார்கள். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது. பயமாக இருந்தால் முதலில் அக்காவுக்கோ கல்லூரி நண்பனுக்கோ அதில் ஒரே ஒரு வரியை அனுப்புங்கள்.

சேலத்தில் எங்கே போவது? நாங்கள் ஏற்காட்டுப் பக்கம் மலைக்கிராமம். சிக்னலும் சரியாக இருக்காது.

நகரத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் ஜி.எச். என்று சொல்வது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள். கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், துணைக்கு ஒருவர் வந்தால் நல்லது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். எந்த நாள் என்பதை உங்கள் பக்கத்து மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதே ஒரு நாள் கூலி போகிற காரியம், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அங்கே நான் முதலில் சொல்வது 14416. அதற்கு டேட்டா வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தால் போதும். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். கிராமச் செவிலியரிடம் சொன்னாலும் வழி செய்வார்.

வீட்டுக்குத் தெரியாமல் 14416-க்குப் பேசலாமா?

பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொல்வீர்கள், சொல்ல மாட்டீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டும் ஆரம்பிக்கலாம். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் காப்பாற்றுவதற்காக இன்னொருவரைச் சேர்க்கப் பார்ப்பார்கள். முதல் அழைப்பில் வாய் வரவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 18 வயதுக்குள் இருப்பவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் கூப்பிடலாம்.